மே சோட் எல்லைப் பிள்ளைகளும் அவர்களுக்குப் போகும் உதவியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாய்லாந்தின் மேற்கு ஓரத்தில், பர்மாவை ஒட்டி இருக்கும் ஊர் மே சோட். பிழைப்பு தேடியும் சண்டைக்குப் பயந்தும் ஆற்றைக் கடந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்தப் பகுதியில் பல்லாயிரம் பேர் வளர்கிறார்கள். அவர்களுக்கு உதவி எப்படிப் போகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, இங்கிருந்து நம்மால் ஏதாவது ஆகுமா என்று பலரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மே சோட் எங்கே இருக்கிறது? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

மியாவதி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஐ.டி. வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போய், இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்களைப் பற்றி 2022-ல் செய்திகள் வந்தனவே, அதே மியாவதிதான். அதற்கு நேர் எதிரே, மோய் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது மே சோட். தாக் மாகாணம், பாங்காக்கிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் நடுவே 1997-ல் நட்புப் பாலம் திறந்தார்கள். பாலத்தின் மேல் முத்திரை குத்தி வண்டிகள் போகும். அதே நேரத்தில் பாலத்துக்குக் கீழே டயர் டியூபில் உட்கார்ந்து ஆட்கள் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருவார்கள். கோடையில் தண்ணீர் வற்றினால் டியூபும் தேவையில்லை.

இவர்கள் அகதிகளா, வேலைக்கு வந்தவர்களா?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். ஏனென்றால் யாருக்கு எந்த உதவி என்பதை இந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது.

1984-லிருந்து எல்லையோரம் முகாம்கள் உண்டு. இப்போது ஒன்பது. தாக் மாகாணத்தில் இருக்கும் மே லா அவற்றில் பெரியது. ஒன்பதிலும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் பர்மாவின் சிறுபான்மையினரான கரென் இனத்தவர். முகாமுக்குள் இருப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாக அரிசி, பள்ளி, மருந்து என்று ஓர் ஏற்பாடு இருந்தது. வெளியே போக மட்டும் அனுமதி இருக்கவில்லை.

முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் கதை வேறு. மே சோட்டின் தையல் தொழிற்சாலைகள், கட்டட வேலை, தெற்கே போப் பிரா பக்கம் சோளம், கரும்பு, ரோஜாத் தோட்டங்கள், ஊர் எல்லையில் குப்பைக் கிடங்கு. இங்கெல்லாம் வேலை செய்து அங்கேயே குடிசை போட்டுக்கொண்டவர்கள். அரசு ஏட்டில் இவர்கள் 'வெளிநாட்டுத் தொழிலாளர்'; வேலை அனுமதி அட்டை இல்லாவிட்டால் 'சட்டவிரோதமாக நுழைந்தவர்'. ஆனால் ஒரே கிராமத்திலிருந்து ஒரே இரவில் கிளம்பிய அண்ணன் தம்பிகளில் ஒருவர் முகாமிலும் மற்றவர் கரும்புத் தோட்டத்திலும் இருக்க முடியும். அண்ணன் பிள்ளை அகதி, தம்பி பிள்ளை குடியேறி. பர்மாவில் நடந்த 2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப் பிறகு வந்தவர்களில் ஏராளமானோர் இந்த இரண்டாவது வகையில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

தாய்லாந்து 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. இந்தியாவும் போடவில்லை. மண்டபம் முகாமைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிள்ளை தாய்லாந்தில் பிறந்தால் தாய்லாந்துக் குடியுரிமை கிடைத்துவிடும் அல்லவா?

கிடைக்காது. அங்கே மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பெற்றோர் தற்காலிகமாகவோ அனுமதி இல்லாமலோ இருப்பவர்கள் என்றால் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்கும், குடியுரிமை கிடைக்காது. இரண்டும் ஒன்று என்று நினைத்து ஏமாந்த பெற்றோர் உண்டு.

சான்றிதழ் கிடைப்பதே பெரிய முன்னேற்றம் என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் தாய்லாந்து 1992-ல் சேர்ந்தபோது, பிறப்புப் பதிவு பற்றிய 7-ஆம் பிரிவுக்கும் அகதிக் குழந்தைகள் பற்றிய 22-ஆம் பிரிவுக்கும் கட்டுப்பட மாட்டோம் என்று ஒதுக்கி வைத்தது. 2008-ல் குடிமைப் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் யாராக இருந்தாலும் தாய்லாந்தில் பிறந்த எல்லாக் குழந்தையையும் பதியலாம் என்றார்கள். 2010-ல் 7-ஆம் பிரிவுக்கான மறுப்பையும் விலக்கிக்கொண்டார்கள். 22-ஆம் பிரிவுக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2024-ல் லட்சக்கணக்கானவர்களுக்குக் குடியுரிமை என்று செய்தி வந்ததே?

வந்தது. அந்த அக்டோபரில் தாய்லாந்து அமைச்சரவை சுமார் 4,83,000 பேருக்கு நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ விரைவாகத் தர ஒப்புதல் கொடுத்தது. நல்ல முடிவு. ஆனால் அது நெடுங்காலமாக அங்கேயே வாழ்ந்து, அரசுப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கும் மலைவாழ் இனத்தவருக்கும் அவர்களுக்கு அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும். போன வருடம் ஆறு கடந்து வந்த தையல் தொழிலாளியின் மகளுக்கு அதில் இடமில்லை.

பதிவு செய்யலாம் என்று சட்டமே சொல்லும்போது ஏன் எல்லோரும் செய்வதில்லை?

விதி எளிதுதான். மருத்துவமனை ஒரு பிறப்புச் சீட்டுத் தரும். அதை எடுத்துக்கொண்டு 15 நாளுக்குள் நகராட்சி அல்லது மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் சான்றிதழ். நடப்பில் பாருங்கள். பிரசவமான பெண்ணுக்கு எழுந்து உட்காரவே பத்து நாள் ஆகும். கணவர் போகலாம் என்றால் ஒரு நாள் கூலி போகும். வழியில் சோதனைச் சாவடி. அட்டை காலாவதியாகி இருந்தால் சாவடியைத் தாண்டுவதற்குப் பயம். அலுவலகத்தில் எல்லாம் தாய்லாந்து மொழி.

இதற்கெல்லாம் மேலே பெயர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது (நமக்கு இருப்பது போன்ற அதே தலைவலிதான், பாஸ்போர்ட் வாங்கப் போன தமிழர் எல்லோருக்கும் தெரியும்). படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். அம்மாவின் பெயர் வேலை அட்டையில் ஒரு மாதிரி, மருத்துவமனைச் சீட்டில் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். கரென் பெயரை பர்மிய எழுத்தில் எழுதி, அதைத் தாய்லாந்து எழுத்துக்கு மாற்றினால் வேறென்ன ஆகும்? எழுத்து ஒத்துப்போகவில்லை என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினால் திரும்ப ஒரு நாள் கூலி, திரும்ப அந்தச் சாவடி. தோட்டத்துக் குடிசையில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தைக்கு முதல் சீட்டே இருக்காது.

அதனால்தான், எல்லைப் பகுதியில் ஓர் அமைப்பு செய்யக்கூடிய வேலைகளில் மிகப் பெரியது எது என்று கேட்டால், தாய்லாந்து மொழி தெரிந்த ஒருவரை அந்தக் குடும்பத்துடன் அலுவலகத்துக்கு அனுப்புவது என்று சொல்வேன். புகைப்படத்தில் அது அழகாக இருக்காது. அதற்கு நன்கொடை கேட்பதும் கடினம். அரிசி மூட்டை இறக்குவதைக் காட்டினால் பணம் வருகிற அளவுக்கு, வரிசையில் நிற்பதைக் காட்டினால் வராது.

பர்மா பக்கம் பதிந்துகொள்ளலாமே?

குடும்பப் பட்டியலில் பெயர் இருக்கிற, ஊருக்குத் திரும்பிப் போகக்கூடிய பெற்றோரால் முடியும். எரிக்கப்பட்ட கிராமத்திலிருந்து வந்தவர்களால் முடியாது. பர்மாவின் 1982 குடியுரிமைச் சட்டம் பெற்றோர், பாட்டன் வழியாக நிரூபிக்கச் சொல்கிறது. முஸ்லிம்களுக்கு இது இன்னும் கடினம். இப்படி இரண்டு பக்கமும் காகிதம் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள்தான் நாடற்றவர்கள் ஆகிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர முடியுமா?

முடியும். இதைக் கேட்டுப் பலர் ஆச்சரியப்படுவார்கள். 2005 ஜூலையில் தாய்லாந்து அமைச்சரவை எடுத்த முடிவின்படி, ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த நாட்டுப் பிள்ளையானாலும் அரசுப் பள்ளியில் படிக்கலாம்; மழலை வகுப்பு முதல் 15 ஆண்டு இலவசக் கல்வி. ஆவணம் இல்லாத மாணவருக்கு 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும் எண் ஒன்றைப் பள்ளி வாங்கித் தரும். அந்த எண்ணை வைத்து மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு தரும் மானியமும் பள்ளிக்கு வரும். இந்த ஒரு விஷயத்தில் தாய்லாந்து பல பணக்கார நாடுகளைவிடத் தாராளம்.

தாளில் இருப்பது அது. தரையில், தாய்லாந்து மொழி தெரியாத பதினொரு வயதுப் பையனை முதல் வகுப்பில் உட்கார வைப்பார்கள். ஆறு வயதுக் குழந்தைகளுக்கு நடுவில் மீசை முளைக்கப் போகிறவன் எத்தனை நாள் உட்காருவான்? பள்ளி தூரம், வேன் கூலி, சீருடை, மதியச் செலவு என்று இலவசக் கல்விக்கும் ஒரு விலை உண்டு. சில தலைமை ஆசிரியர்கள் சேர்க்கவே தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணமும் இல்லாமல் இல்லை: 2023-ல் ஆங் தோங் மாகாணத்தில் ஒரு பள்ளியில் படித்த, ஆவணமில்லாத 126 பிள்ளைகளை எல்லைப் பக்கம் திருப்பி அனுப்பி, தலைமை ஆசிரியர் மீது வழக்கும் போட்டார்கள். விதிப்படி சேர்த்தவருக்கே அந்தக் கதி என்றால் அடுத்தவர் யோசிக்கத்தானே செய்வார்.

அப்படியானால் மீதிப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?

'கற்றல் மையம்' என்று அழைக்கப்படும் இடங்களில். தாக் மாகாணத்தில் மட்டும் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் புலம்பெயர்ந்தவர்களே தொடங்கியவை. தகரக் கூரை, மூங்கில் தட்டி, நடுவில் திரை போட்டுப் பிரித்த வகுப்புகள். சில இடங்களில் நல்ல கட்டடமும் உண்டு. பர்மிய மொழி, கரென், தாய், ஆங்கிலம் எல்லாம் கற்றுத்தருவார்கள். பெற்றோர் வேலைக்குப் போகும் வண்டி கிளம்புகிற நேரத்தில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளி வண்டியும் கிளம்பும். வண்டிக்கு டீசல் போடப் பணம் இல்லாத மாதத்தில் வருகைப் பதிவு பாதியாகிவிடும்.

சட்டப்படி இவை பள்ளிகள் அல்ல. தாய்லாந்து அரசு இவற்றின் இருப்பைத் தெரிந்துவைத்திருக்கிறது, பட்டியலிடுகிறது, ஆனால் பள்ளியாக ஏற்கவில்லை. எனவே இங்கே பத்து வருடம் படித்தாலும் கையில் வருவது அந்த மையத்தின் முத்திரை போட்ட தாள் மட்டுமே. முன்பு மூத்த மாணவர்கள் பாலம் கடந்து மியாவதியில் பர்மியப் பொதுத்தேர்வு எழுதிவந்தார்கள். 2020-ல் கொரோனாவுக்காக எல்லையை மூடினார்கள். மறு வருடம் ராணுவப் புரட்சி. அந்த வழி கெட்டது. இப்போது தாய்லாந்தின் முறைசாராக் கல்வித் தேர்வு அல்லது பள்ளி இறுதிக்கு இணையான அமெரிக்காவின் ஜி.இ.டி. தேர்வு எழுத வைக்கிறார்கள். ஜி.இ.டி.க்குக் கட்டணம் அதிகம்.

புரட்சியால் ஒரு விசித்திரமான நன்மையும் விளைந்தது. ராணுவ ஆட்சியில் வேலை செய்ய மாட்டோம் என்று பர்மாவில் வேலையை விட்ட அரசு ஆசிரியர்கள் பலர் எல்லை தாண்டி வந்து இந்த மையங்களில் பாடம் எடுக்கிறார்கள். பயிற்சி பெற்ற கணக்கு வாத்தியார் கிடைப்பது மே சோட்டில் அதற்கு முன் அபூர்வம். சம்பளம் என்னவோ ஊக்கத்தொகை அளவுதான். அதுவும் ஒவ்வொரு ஆண்டும் நன்கொடையாளர் புதுப்பித்தால் உண்டு.

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் எங்கே போவார்கள்?

பெரும்பாலானவர்கள் முதலில் சொல்லும் பெயர் மே தாவ் மருத்துவமனை. பர்மாவில் ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 எழுச்சி நசுக்கப்பட்டபோது காட்டு வழியாகத் தப்பி வந்த கரென் மருத்துவர் சிந்தியா மவுங் 1989-ல் தொடங்கியது. சோறு வடிக்கும் மின்சாரக் குக்கரில் கருவிகளைக் கொதிக்க வைத்துக் கிருமி நீக்கினார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் ஆரம்பக் கதை. 2002-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. அந்த மருத்துவமனையின் பிரசவச் சீட்டுதான் இன்று பலருக்குப் பிறப்புப் பதிவின் முதல் ஆதாரம்.

அரசு மருத்துவமனையிலும் வழி உண்டு. ஏழு வயதுக்கு உட்பட்ட குடியேறிப் பிள்ளைகளுக்காக 2013-ல் ஒரு காப்பீட்டு அட்டை கொண்டுவந்தார்கள்: வருடத்துக்கு 365 பாட் (தாய்லாந்து நாணயம்), அதாவது நாளுக்கு ஒரு பாட். அருமையான யோசனை. ஆனால் எல்லா மருத்துவமனையும் அதை விற்க ஆர்வம் காட்டவில்லை. நோய் வந்த பிறகே மக்கள் வாங்குவார்கள், நமக்கு நட்டம் என்ற கணக்கு. 2017-லிருந்து எம்-ஃபண்ட் என்ற லாப நோக்கமில்லாத மாதச் சந்தா காப்பீடும் நடக்கிறது, ஆவணமில்லாதவர்களும் சேரலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல ஆசை. 1986 முதல் இந்த எல்லையில் வேலை செய்யும் ஷோக்லோ மலேரியா ஆய்வு மையத்தார், கரென் முகாம்களில் கைக்குழந்தைகள் திடீர் திடீரென இறப்பதைக் கவனித்தார்கள். மலேரியா அல்ல. பெரிபெரி என்ற, வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய். தீட்டிய வெள்ளை அரிசி. அதோடு பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இது ஆகாது, அது ஆகாது என்று பத்தியம். தாய்ப்பாலில் பி1 இல்லாமல், இரண்டு மூன்று மாதக் குழந்தையின் இதயம் நின்றுபோகும். தாய்மார்களுக்கு மலிவான பி1 மாத்திரை கொடுக்கத் தொடங்கியதும் சாவு வெகுவாகக் குறைந்தது. பத்தியச் சோறு சாப்பிட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான கதை இல்லை. அரிசி கொடுத்தால் பசி தீரும் என்பது உண்மைதான். எந்த அரிசி, கூட என்ன என்று பார்க்காத உதவியால் என்ன நடக்கும் என்பதும் இதில் இருக்கிறது.

2025-ல் என்ன ஆயிற்று?

ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. முகாம்களில் சர்வதேச மீட்புக் குழு (ஐ.ஆர்.சி.) என்ற தொண்டு நிறுவனம் நடத்திய மருத்துவமனைகள் அடுத்த சில நாளிலேயே மூடப்பட்டன. படுக்கையில் இருந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தாய்லாந்து சுகாதாரத் துறை அவசர அவசரமாகப் பொறுப்பேற்க வேண்டிவந்தது. முகாம்களுக்கு உணவு தரும் பார்டர் கன்சார்டியம், ஜூலை 31-க்குப் பிறகு ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு உணவும் அடுப்புக் கரியும் தர முடியாது என்று அறிவித்தது. ஆகஸ்டில் தாய்லாந்து அமைச்சரவை, முகாமில் இருப்பவர்கள் வெளியே சட்டப்படி வேலை செய்யலாம் என்று முடிவெடுத்தது. நாற்பது வருடமாகக் கேட்டுக் கிடைக்காதது, பணம் தீர்ந்ததும் கிடைத்தது.

முகாம் திறந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அப்பாவும் அம்மாவும் தொலைதூரத் தோட்டத்துக்குப் போனால் பிள்ளை யாரிடம் இருக்கும் என்பது அடுத்த கேள்வி. கூடவே போனால் முகாம் பள்ளி போய்விடும்.

நான் விடுமுறையில் போய் இரண்டு வாரம் ஆங்கிலம் கற்றுத்தரலாமா?

ஆசை நல்லது. வேண்டாம் என்றுதான் சொல்வேன். தாய்லாந்தில் சம்பளம் வாங்காவிட்டாலும் கற்பிப்பது வேலைதான். சுற்றுலா விசாவில் அதைச் செய்தால் சிக்கல் உங்களுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே பள்ளி என்ற அங்கீகாரம் இல்லாத அந்த மையத்துக்கும் வரும். அப்புறம், 'வாட் இஸ் யுவர் நேம்' பாடத்தை ஒவ்வொரு விருந்தாளியிடமும் புதிதாகக் கற்ற பிள்ளைகள் அங்கே நிறைய. ஆறு மாதமாவது இருக்க முடியும், முறையான அனுமதியோடு, என்றால் போங்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரக்கூடியவர், கணக்கு வழக்குப் பார்க்கத் தெரிந்தவர், இணையத்தில் வாரம் ஒரு மணி நேரம் தவறாமல் தருகிறவர் என்றால் வீட்டிலிருந்தே பயன்படலாம்.

அங்குள்ள அனாதை இல்லங்களுக்குக் கொடுக்கலாமா?

முதலில் அது அனாதை இல்லமா என்று பாருங்கள். எல்லையில் உள்ள விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் உண்டு. சண்டை நடக்கும் கிராமத்தில் பள்ளி இல்லை என்று, படிக்கட்டும் என அனுப்பிவைத்தவர்கள். அவற்றை விடுதி என்று சொல்லி நடத்துபவர்கள் நேர்மையானவர்கள். 'அனாதை' என்று எழுதினால் பணம் கூடுதலாக வரும் என்பதால் அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். முன்பின் தெரியாத விருந்தினரை நேரே பிள்ளைகள் தூங்கும் அறைவரை அழைத்துப் போய்க் காட்டும் இடத்துக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து பணம் அனுப்பச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பீட்டுத் திட்டத்தில் தனிநபர் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். நன்கொடையும் அதில் அடங்கும். 80-ஜி வரிச்சலுகை கிடைக்காது. வெளிநாட்டு அமைப்புக்கு அது பொருந்தாது.

எதற்குக் கொடுப்பது என்று கேட்டால் என் வரிசை இது: ஆசிரியர் ஊக்கத்தொகை, பள்ளி வண்டி டீசல், பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போகும் ஆளின் சம்பளம். சிறிய தொகையானாலும் மூன்று வருடத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கொடுங்கள். ஒரே தடவை வரும் பெரிய தொகையில் கட்டடம்தான் எழும்பும். பெயர்ப் பலகையும் இருக்கும். உள்ளே ஆசிரியர் இருக்க மாட்டார்.

பழைய துணி, பொம்மை, புத்தகம் அனுப்பலாமா?

வேண்டாம். சுங்கத்தில் கட்டும் காசில் மே சோட் சந்தையிலேயே புதுத் துணி வாங்கலாம்.

பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போடலாமா?

முகம், பள்ளிப் பெயர், ஊர் மூன்றும் ஒன்றாகத் தெரியக் கூடாது. பெற்றோருக்கு அட்டை இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியாது. அக்கரையில் ராணுவத்தால் தேடப்படும் சித்தப்பா இருக்கலாம். பிள்ளையின் முதுகையோ கையெழுத்தையோ படமெடுங்கள், போதும்.

பத்து வயதிலேயே வேலைக்குப் போகிறார்களாமே?

அறுவடைக் காலத்தில் போப் பிரா பக்கம் வகுப்புகள் காலியாகும். சட்டப்படி 15 வயது ஆனால்தான் வேலை. பல தோட்டங்களில் கூலி பறித்த எடைக்குக் கணக்கு என்பதால், பிள்ளை பறித்ததும் அம்மாவின் கூடையில் சேர்ந்துவிடும். கணக்கில் ஓர் ஆள்தான் தெரியும். பிள்ளையை வேலைக்கு அனுப்பாதே என்று பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் கூட்டங்களால் இது மாறவில்லை. குறைந்தபட்சக் கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் மாறும்.

பன்னிரண்டு, பதினைந்து வயதாகியும் பதிவாகாத பிள்ளைக்கு இனி வழி இல்லையா?

உண்டு. தாமதப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. பிறந்த இடத்து மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோரையும், பிறந்தபோது கூட இருந்த சாட்சிகளையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். மருத்துவச்சி உயிரோடு இருக்க வேண்டும், பக்கத்துக் குடிசைக்காரர் வேறு மாகாணத்துக்கு வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும், சில சமயம் வருடக்கணக்கிலும். ஏதாவது ஒரு தாள் இருந்தால் பாதி வேலை முடிந்தது: பிரசவச் சீட்டு, தடுப்பூசி அட்டை, முதல் வகுப்பு வருகைப் பதிவேட்டின் நகல். எனவேதான் அந்தக் குடிசைகளில் ஒழுகும் கூரைக்கு அடியில், அரிசிப் பானைக்கும் மேலே, ஆணியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். வீட்டைக் காலி செய்து ஓட வேண்டி வந்தால் முதலில் எடுப்பது அதைத்தான்.